முதுசமும் தேட்டமும்

யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருந்தார். கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் பிள்ளைகள் குடும்ப வம்சாவளி ஒன்று தொகுக்கிறார்கள். ஊரில் மிஞ்சியிருப்பது இவர் மட்டும் என்பதால், றங்குப்பெட்டியைத் திறந்து பழைய காகிதங்களைப் பார்க்கும் வேலை இவருடைய தலையில் விழுந்திருக்கிறது. பார்த்ததில் பூட்டனாரின் கணக்குக் கொப்பி அகப்பட்டது. அதில் ஒரு கோடைகாலக் குறிப்பு. வளவில் வேலை செய்த குடும்பம் ஒன்று, தங்கள் பக்கத்துக் கிணறு வற்றிவிட்டது, இந்தக் கிணற்றில் அள்ள விடுங்கள் என்று கேட்டிருக்கிறது. பூட்டனார் மறுத்திருக்கிறார். மறுத்ததையும், அந்த ஞாயிறு தான் கோயிலில் வேதபாடம் வாசித்ததையும் அடுத்தடுத்த வரிகளில் ஒரே மையால் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தை விட்டுவிடு என்கிறார் கனடா அண்ணா. ஜெபக்கூட்டம் நடத்தும் ஒருவரோ, இது பரம்பரைச் சாபம், அதனால்தான் உங்களுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டார். இப்போது தங்கச்சியின் கேள்விகள் இவை: கிறிஸ்தவர்கள் வம்சவரலாறு தேடலாமா, பவுல் வேண்டாம் என்றல்லவா சொன்னார்? அந்தக் கிணற்றுக் கதையை எழுதுவதா, விடுவதா? பிள்ளையில்லாத நான் யாருக்கு எதை விட்டுப்போவது?

தங்கச்சி, நான் குருவானவர் அல்ல. நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு எங்கள் சபையின் பழைய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளைப் படியெடுத்து வருகிறவன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பவுலின் வசனம். முதலாம் தீமோத்தேயு முதலாம் அதிகாரத்தில் "முடிவில்லாத வம்சவரலாறுகளை"க் கவனிக்க வேண்டாம் என்கிறார், சரி. ஆனால் ஏன் வேண்டாம் என்பதையும் அதே வசனத்தில் சொல்கிறார்: அவை தர்க்கங்களுக்கு ஏதுவாயிருக்கின்றன. நான் பெரியவன், நீ சின்னவன் என்ற வாக்குவாதத்துக்கு உதவும் வரலாறுதான் அவர் தள்ளியது. அதே பவுல், அதே தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், உன் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் உன்னிடமும் இருக்கிறது என்று பெயர் சொல்லி எழுதுகிறார். அம்மம்மாவின் பெயரைத் தெரிந்து வைத்திருந்த மனிதர் அவர். ஆகவே தேடுங்கள். எதற்காகத் தேடுகிறோம் என்பதை மட்டும் அடிக்கடி உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் வம்சாவளி ஒரு வேதாகமத்தில் இருந்தது. மல்கியா முடிந்து மத்தேயு தொடங்குமுன் வரும் வெற்றுத் தாள்களில் பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம், மரணம் எல்லாவற்றையும் நான்கு தலைமுறையாக எழுதி வந்தார்கள். 1995 ஒக்டோபர் 30, போருக்குப் பயந்து வலிகாமப் பகுதியே எழும்பி நடந்த அந்த இரவில், அம்மா அதைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தா. மழை. சாவகச்சேரியில் பிரித்துப் பார்த்தபோது ஒரு மூலை நனைந்து, ஊதா மை கலைந்திருந்தது. மூன்று பெயர் போய்விட்டன. இரண்டை அம்மா ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினா. மூன்றாவது, பிறந்து பதினோராம் நாள் இறந்த ஒரு குழந்தை. நாள் தெரிகிறது, "பதினொரு நாள்" என்பது தெரிகிறது, பெயர் தெரியவில்லை. அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய ஒருவரும் அப்போதே உயிரோடு இல்லை. அம்மா அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை, வெறுமையாகவே விட்டா.

எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தை அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காக வாசித்தேன். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் நீண்ட பட்டியல் அது. கடைசியில் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் அதைக் காணவில்லை என்று வருகிறது. ஆனால் பாருங்கள், அட்டவணையில் பெயர் கிடைக்காதவர்களையும் எஸ்றா தன் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார். 1981 யூன் முதலாம் திகதி யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்ததைப் பார்த்த ஊர் இது. பதிவேடு போனவர்கள் இங்கே எத்தனை பேர்! உங்கள் வம்சாவளியில் ஓட்டை விழுந்தால் அதை ஊகத்தால் அடைக்காதீர்கள். "இங்கே ஒருவர் இருந்தார், பெயர் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அது போதும்.

அடுத்தது, நாங்கள் எந்தக் காலத்திலிருந்து கிறிஸ்தவர்கள் என்ற பெருமை. உங்கள் அண்ணாவும் ஒல்லாந்தர் காலத்திலிருந்தே என்று போட விரும்புகிறார் என்று எழுதியிருந்தீர்கள். போடலாம், ஆதாரம் இருந்தால். ஆனால் அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் தெரிந்துகொண்டு போடட்டும். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள், ஒல்லாந்தர் 1658இல் கோட்டையைப் பிடித்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகம் வேண்டுமென்றாலும் கலியாணம் பதிவாக வேண்டுமென்றாலும் ஞானஸ்நானம் தேவைப்பட்டது. தோம்பு என்ற அரசாங்கப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் பிள்ளைக்குச் சொத்து சிக்கலில்லாமல் போய்ச் சேரும். அதனால் ஊரே ஞானஸ்நானம் பெற்றது. 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் பெரும்பாலானோர் தாங்கள் மனதுக்குள் விடாமல் வைத்திருந்த சைவத்துக்கே வெளிப்படையாகத் திரும்பினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காணிக்காகக் கழுத்தில் போட்டதைக் கழற்றினார்கள், அவ்வளவுதான். அதே ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கராக இருந்தவர்கள் குருவே இல்லாமல், ஒளித்துச் செபித்துப் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கொடுத்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் அப்படிப்பட்டவர்களைத்தான் கண்டார். சட்டம் தந்த விசுவாசத்துக்கும் தாய் தந்த விசுவாசத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது.

உங்கள் கொப்பியில் இருக்கும் பூட்டனாரின் ஆங்கிலப் பெயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெள்ளைக்காரக் கலப்பு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். 1816இல் அமெரிக்க மிஷன் இங்கே வந்தது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. அங்கே படித்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்கள் தங்கள் பெயரையோ தங்களுக்கு வேண்டியவர்களின் பெயரையோ அந்தப் பிள்ளைக்கு வைக்கச் சொல்வார்கள். பழந்தமிழ் ஏடுகளைத் தேடி எடுத்துக் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே சார்ள்ஸ் வின்ஸ்லோ என்ற பெயரோடு படித்தவர்தான். பிறகு அவர் சைவராகவே வாழ்ந்தார். இப்படி நம் குடும்பங்கள் சிலவற்றில், முகம் தெரியாத ஒரு அமெரிக்கரின் பெயர் இன்றைக்கும் முதலெழுத்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டு வெட்கப்படுகிறவர்களையும் கண்டிருக்கிறேன், பெருமைப்படுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். எனக்கு அது ஒரு கடன் சீட்டு மாதிரித்தான் தோன்றுகிறது. யாரோ ஒருவர் இரத்த உறவு இல்லாத பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்திருக்கிறார்.

அதற்கு முன்னே இருந்த சைவ முன்னோரை எழுதலாமா என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம். தாராளமாக எழுதுங்கள். யோசுவா தன் கடைசிப் பேச்சைத் தொடங்குவதே, ஆபிரகாமின் தகப்பன் தேராகு வேறு தேவர்களைச் சேவித்தான் என்று சொல்லித்தான். அதை மறைத்துவிட்டு இஸ்ரவேலின் கதையைச் சொல்ல முடியாது. உங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் இன்றும் சைவர்கள்தானே. அவர்களுக்கும் அதே கொப்பாட்டன்தான்.

இனிக் கிணறு.

தங்கச்சி, மத்தேயு முதலாம் அதிகாரத்தை எடுங்கள். கோயிலில் வாசிக்கும்போது எல்லோரும் கொட்டாவி விடும் பகுதி. ஆபிரகாம் தொடங்கி இயேசு வரை, பதினான்கு பதினான்காக மூன்று பகுதி. அந்தக் காலத்து வழக்கப்படி தகப்பன் பெயர்களை மட்டும் போட்டுக்கொண்டு போயிருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மத்தேயு இடையிலே தாமாரைப் போடுகிறார். மாமனார் யூதா தனக்குச் செய்த அநியாயத்தை அவரைக்கொண்டே ஒத்துக்கொள்ள வைத்தவள் அவள். எரிகோவின் ராகாபைப் போடுகிறார். மோவாபியப் பெண் ரூத்தைப் போடுகிறார். அதன் பிறகு சாலொமோனின் தாய் வருகிறாள். அவள் பெயர் பத்சேபாள், எல்லோருக்கும் தெரியும். ஆனால் மத்தேயு அந்தப் பெயரை எழுதவில்லை. "தாவீது ராஜா உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில் சாலொமோனைப் பெற்றான்" என்று எழுதுகிறார். செத்துப்போன உரியாவை, தாவீது போர்முனையில் நிறுத்திக் கொல்ல வைத்த அந்த மனிதனை, தாவீதின் வம்சாவளிக்குள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இயேசுவின் குடும்ப அட்டவணையை வாசிக்கிற ஒவ்வொருவரும் உரியாவின் பெயரை வாயால் சொல்லித்தான் கடக்க வேண்டும். இவ்வளவுக்கும் அது தாவீதை இழிவுபடுத்த எழுதியதும் அல்ல, அந்தப் பட்டியலில் ராஜா என்று சொல்லப்படுகிறவர் அவர்தான்.

கிணற்றடியில் நின்ற அந்தக் குடும்பம்தான் உங்கள் வம்சாவளியின் உரியா. அண்ணா விடச் சொல்வது எனக்கு விளங்குகிறது. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ஊர் ஒரு சுத்தமான படமாக வேண்டியிருக்கிறது. பிள்ளைகளிடம் காட்ட நல்லதாக ஏதாவது வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் பூட்டனாரே இல்லாமற்போய்விடுவார். மிஞ்சுவது கோட்டுப் போட்ட ஒரு படம்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காமல் இருக்க. என் அப்பப்பா உபதேசியார். ஐந்து மைல் சைக்கிளில் போய் நோயாளிகளுக்கு ஜெபம் செய்துவிட்டு வருவார், ஒரு சதம் வாங்க மாட்டார். எங்கள் விறாந்தையில் வருகிறவர்களுக்கு மூக்குப்பேணியில் தேத்தண்ணி. வேலி அடைக்க வருகிறவருக்கு, பின்வளவில், சிரட்டையில். அந்தச் சிரட்டைகள் கிணற்றடி மதில் இடுக்கில் கவிழ்த்து வைத்திருக்கும். வேலி அடைக்க வந்தவரும் ஞானஸ்நானம் பெற்றவர், ஞாயிறு அதே திருவிருந்தில் பங்கெடுப்பவர். அங்கே அவர் பாயில், பின்னால், கடைசியாக. ஏழு வயதில் நான் ஒருநாள் அந்தச் சிரட்டையில் தண்ணீர் குடித்துவிட்டேன். அப்பப்பா அடிக்கவில்லை. சிரட்டையை வாங்கி அடுப்பில் போட்டார். அது எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. அது கோபமா, வெட்கமா என்று அறுபது வருடமாக யோசிக்கிறேன். இரண்டையும்தான் நான் முதுசமாக வாங்கியிருக்கிறேன்: அந்தச் சைக்கிளையும், அந்தச் சிரட்டையையும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. பூட்டனார் மறுத்ததை எழுதுங்கள், அது உங்கள் வீட்டுக் கதை. கேட்டு வந்த குடும்பத்தின் பெயரையும் சாதியையும் அவர்களைக் கேட்காமல் எழுதாதீர்கள். அது அவர்கள் கதை. நாங்கள் மனம் வருந்துவதைக் காட்டுவதற்காக இன்னொருமுறை அவர்களைக் கிணற்றடியில் நிறுத்தக் கூடாது.

சாபம் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, ஏனென்றால் அப்படிச் சொன்னவர்மீது எனக்குக் கோபம் வருகிறது. எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரம் முழுவதும் அதற்குப் பதில்தான். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்ற பழமொழியை இனிச் சொல்லவே கூடாது என்கிறார் ஆண்டவர். பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இருவரும் இல்லை என்றார் இயேசு. மூன்றாம் நான்காம் தலைமுறை என்று யாத்திராகமத்தில் வருகிறதே என்பார்கள். அடுத்த வசனத்தில் இரக்கம் ஆயிரம் தலைமுறைக்கு என்று வருகிறது, அதையும் வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கும் அந்தக் கிணற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பூட்டனாரின் குற்றம் உங்கள்மேல் இல்லை. ஆனால் பூட்டனாரின் கிணறு உங்களிடம் இருக்கிறது. குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாதவர்களுக்கும் கிணற்றைப் பற்றி யோசிக்கும் கடமை இருக்கிறது.

அதிலிருந்து உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

பழைய தமிழ் வேதாகமத்தில் சொத்துரிமைக்கு "சுதந்தரம்" என்ற சொல் வரும். நல்லவன் தன் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சுதந்தரம் வைத்துப்போகிறான் என்று நீதிமொழிகளில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதை விடுதலை என்று விளங்கிக்கொள்வார்கள், நான் திருத்துவேன். நம் ஊர்ச் சொல் முதுசம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையை 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி எழுதித் தொகுத்து, முதலியார் பட்டம் பெற்ற பன்னிரண்டு ஊர்த் தலைவர்கள் பார்த்துச் சரி சொன்னார்கள். அதில் பெற்றோர் வழியாக வந்தது முதுசம், கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்த்தது தேட்டம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். பிள்ளையில்லாமல் ஒருவர் போனால் முதுசம் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக்கே திரும்பும். உங்கள் வளவும் வீடும் யாருக்கு எப்படிப் போகும், எதை நீங்கள் உயில் எழுதலாம் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். நான் சொல்லக் கூடாது.

எனக்குச் சொல்லத் தெரிந்தது விசுவாசத்தின் முதுசம் பற்றி. அது வந்த பக்கத்துக்குத் திரும்புவதில்லை, பக்கத்து வீட்டுக்குப் போகிறது. உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் உடுவில் இருக்கிறது. 1824இல் தொடங்கிய அந்தப் பெண்கள் பாடசாலைக்கு 1840இல் நியூயோர்க்கிலிருந்து எலைசா அக்னியூ என்ற பெண் வந்தார். மணம் முடிக்கவில்லை. 1879 வரை அங்கே படிப்பித்தார். ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. முதலில் படித்தவர்களின் மகள்மாரும் பேத்திமாரும் அவரிடமே வந்து படித்தார்கள். ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவரைச் சொன்னார்கள். 1883இல் உங்கள் மானிப்பாயில்தான் கண்ணை மூடினார். அவருடைய வம்சாவளியை எப்படி வரைவீர்கள்? கீழே ஒரு கோடும் போக முடியாது. ஆனால் உங்கள் றங்குப்பெட்டியில் உடுவிலில் படித்த ஒரு பூட்டியின் கையெழுத்து இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த எழுத்து எங்கிருந்து வந்தது? ஏசாயா ஐம்பத்தாறாம் அதிகாரத்தில், பிள்ளையில்லாமல் "நான் பட்ட மரம்" என்று சொல்கிறவனுக்குக் குமாரர் குமாரத்திகளைவிட மேலான பெயரைத் தருவேன் என்கிறாரே ஆண்டவர், அதை நான் வாசிக்கும்போது அந்த அம்மாவைத்தான் நினைப்பேன்.

ஜோசப் வாஸ் அடிகளார் 1711இல் கண்டியில் இறந்தார். அவரை அடக்கம் செய்த இடம் இன்றைக்கு எது என்று ஒருவருக்கும் தெரியாது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தபோது காட்ட ஒரு கல்லறை இல்லை. அப்சலோம் இருக்கிறானே, என் பெயர் நினைக்க மகன் இல்லை என்று உயிரோடு இருக்கும்போதே தனக்கு ஒரு தூண் நாட்டிக்கொண்டான். இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் இரண்டாம் திகதி சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றும் சனத்தைப் பார்க்கும்போது நான் இந்த இருவரையும் சேர்த்து நினைப்பதுண்டு.

ஆகவே உங்கள் தேட்டம் எது என்று யோசியுங்கள். ஞாயிறு பாடசாலையில் இருபது வருடம் நின்றிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை வம்சாவளியின் கடைசித் தாளில் எழுதுங்கள் என்று நான் அண்ணாவுக்குச் சொல்லச் சொல்வேன், அவர் சிரித்தாலும் பரவாயில்லை.

வேலைக்கு வருவோம். கொப்பியைப் பொலித்தீனில் சுற்றாதீர்கள், ஈரம் உள்ளே நின்று தாளைத் தின்றுவிடும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் படுக்கையாக வையுங்கள். கறையான் பார்க்கவும். தொட முன்னே எல்லாப் பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் தொலைபேசியால் படமெடுங்கள், வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து. எதையும் பேனையால் திருத்த வேண்டாம். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரைத் தேடும்போது ஒரே ஆளுக்குத் தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் தனித்தனியாக இருக்கும், திகதியையும் பெற்றோர் பெயரையும் வைத்து ஒப்பிடுங்கள்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது. அந்தக் குடும்பத்தில் ஒரு ஆச்சி இன்னும் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறா, எண்பது தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அங்கே போங்கள். கொப்பியைக் கொண்டுபோக வேண்டாம், வெறுங்கையோடு போங்கள். அந்தக் கோடையில் அவர்கள் எங்கே தண்ணீர் அள்ளினார்கள் என்று அவவுடைய தாய் சொல்லியிருப்பா. அதைக் கேளுங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். கனடாக்காரர் இன்னும் ஒரு மாதம் பொறுப்பார்கள், அந்த ஆச்சிக்கு எவ்வளவு நாள் இருக்கிறதோ தெரியாது.